ஓவியப் பாடத்தில் ரசனையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? (ஆண்டு 4, 5)

செந்தூல் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை செய்கிறேன். நான் படித்தது கணிதம். இந்த ஆண்டு ஆள் பற்றாக்குறை என்று ஆண்டு 4, ஆண்டு 5 இரண்டு வகுப்புக்கும் காட்சிக்கலைக் கல்வியையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

வரைவது, ஒட்டுவது, களிமண் பிசைவது எல்லாம் ஓரளவு சமாளிக்கிறேன். கலை ரசனை என்று ஒரு பகுதி இருக்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் திரையில் ஓர் ஓவியத்தைக் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அழகா இருக்கு டீச்சர்" என்று 34 பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். "ஏன் அழகா இருக்கு?" "கலர் அழகா இருக்கு டீச்சர்." அவ்வளவுதான். பாடம் முடிய இன்னும் 25 நிமிடம் இருந்தது. சரி, வரையுங்கள் என்று தாளைக் கொடுத்தால் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னை மரம். 34 தாளிலும் அதே மலை.

ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், நீங்கள் எப்படி இந்தப் பாடத்துக்கு வந்தீர்கள், வகுப்பில் என்னதான் செய்தீர்கள் என்று எழுதுங்கள். பாடத்திட்ட ஆவணத்தைப் படித்துவிட்டேன். செய்து பார்த்தவர் யாராவது சொன்னால்தான் எனக்குப் பிடிபடும்.

கிள்ளான் அப்பா:

டீச்சர், என் மகள் வண்ணம் தீட்டும் போட்டிகளுக்குப் போகிறாள். அந்த வகுப்பில் முதலில் நிறச் சக்கரம் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வைக்கலாம் என்று. அதிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்குப் பேச நாலு வார்த்தை கிடைக்கும் என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

லோரி எழுத்து:

டீச்சர், உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். 34 பேரும் "அழகா இருக்கு" என்று சொன்னது பிள்ளைகளின் குறை இல்லை. "எப்படி இருக்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டால், "நல்லா இருக்கு" என்று சொல்லத்தானே வீட்டில் பழக்கியிருக்கிறோம். என் முதல் மூன்று ஆண்டுகளில் நானும் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு நின்றவன். பினாங்கில், பெரும்பாலும் பெருநிலத்திலும் கொஞ்ச காலம் தீவிலுமாக ஓவியம் சொல்லிக்கொடுத்து, 2021இல் ஓய்வு பெற்றேன். நீங்கள் கேட்டபடி, எப்படி வந்தேன் என்பதிலிருந்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

செபராங் பிறையில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். எங்கள் லயத்து வீட்டில் ஓவியம் என்று சொன்னால் ஒரே ஒரு படம்தான், மளிகைக்கடைக்காரர் கொடுத்த முருகன் காலண்டர். ஆண்டு முடிந்ததும் அம்மா தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சுவரிலேயே விட்டுவைப்பார். புதுசு வந்தாலும் பழசு போகாது. நான் ஆறாம் ஆண்டு படிக்கும்போது சுவரில் நாலு முருகன் இருந்தார்கள்.

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் என் சித்தப்பா. பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். போர்டு எழுதுகிறவர். கடைப் பலகைகளும் வரும், ஆனால் வயிற்றை நிரப்பியது லோரிகள்தான். லோரிக் கதவில் முதலாளி பெயர், ஊர், அதற்குக் கீழே சுமை இல்லாமல் எத்தனை கிலோ, சுமையோடு எத்தனை கிலோ என்று இரண்டு எண்கள். சட்டப்படி எழுதியே ஆக வேண்டும் என்பதால் வேலைக்குக் குறைவில்லை. சுண்ணாம்புத் தூள் தடவிய நூலை இழுத்துச் சுண்டினால் கதவில் ஒரு நேர்கோடு விழும். நுனியில் துணி சுற்றிய குச்சியைக் கதவில் சாய்த்து, மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டு எழுதுவார். எனாமல் பெயிண்ட்டும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்குப் பள்ளி விடுமுறையின் வாசனை.

ஒருநாள் பழைய அட்டை ஒன்றைக் கொடுத்து, 2880 என்று எழுதச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அட்டையைத் தலைகீழாகத் திருப்பினார். என் 8 எப்படித் திருப்பினாலும் அதே 8தான், மேலே ஒரு வட்டம், கீழே அதே அளவில் ஒரு வட்டம். அப்புறம் அவர் எழுதிய ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார். அவருடைய 8 தலை கனத்து, இதோ கவிழப்போகிறேன் என்று நின்றது. நேராக வைத்தால் சாதுவாக உட்கார்ந்திருந்தது. மேல் வட்டத்தைக் கொஞ்சம் சின்னதாக எழுதினால்தான் கண்ணுக்கு இரண்டும் ஒத்துப்போகும், அளந்து சமமாக எழுதினால் மேலே இருப்பது பெரிதாகத் தெரியும் என்றார். "அளவுகோல் சொல்றதைக் கேக்காதே, கண்ணு சொல்றதைக் கேளு. எழுத்தைப் பாக்காதேடா, எழுத்துக்கு நடுவுல சும்மா இருக்குற இடத்தைப் பாரு." அந்தச் 'சும்மா இடம்' என்ற சொல் எனக்கு அவர் கொடுத்த சொத்து. ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவர் அவர்.

நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது பெயிண்ட் வாங்க ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போனார். பாலம் 1985இல்தான் வந்தது, அப்போதெல்லாம் பெர்ரிதான். திரும்பும் வழியில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளே போகலாமா கூடாதா என்று இருவரும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். போனோம். யோங் முன் சென் வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியத்தின் முன்னால் சித்தப்பா நின்றுவிட்டார். நகரவே இல்லை. எனக்குக் கால் வலித்தது. கடைசியில் என்னைக் கிட்டே இழுத்துச் சொன்னார்: "இவரு வெள்ளைப் பெயிண்ட்டே எடுக்கலைடா. வெள்ளை தெரியுற இடமெல்லாம் வெறும் தாளு. சுத்தி மட்டும் வரைஞ்சி, நடுவுல விட்டுட்டாரு." யோங் முன் சென் (1896–1962) மலேசிய ஓவியத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர், கூச்சிங்கில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. லோரிக் கதவில் எழுதும் ஒருவர், பெயரே கேள்விப்படாத ஓவியரின் கையை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ரசனை என்ற சொல்லை யாராவது சொன்னால் எனக்கு அந்த அரை மணி நேரம்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம் செராஸில் இருந்த சிறப்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியம் எடுத்துப் படித்தேன். அங்கேதான் ஃபெல்ட்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் நாலு படிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் என்ன இருக்கிறது என்று சொல், அடுத்து அது எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார், பிறகு என்ன சொல்ல வருகிறது என்று யோசி, கடைசியாகத்தான் நல்லதா இல்லையா என்று தீர்மானி. நாம் வகுப்பில் கடைசிப் படியை முதலில் கேட்டுவிடுகிறோம். "எப்படி இருக்கு?" என்பது தீர்ப்புக் கேட்கும் கேள்வி. பிள்ளை இன்னும் வழக்கையே கேட்கவில்லை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் கேட்டதெல்லாம் மூன்று கேள்விகள்தான். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறு என்ன தெரிகிறது? இவை என் கண்டுபிடிப்பு இல்லை. அபிகேல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் என்ற இருவர் அமெரிக்காவில் உருவாக்கிய முறை. இரண்டாவது கேள்விதான் உயிர். "சோகமா இருக்காங்க சார்" என்று ஒரு பிள்ளை சொன்னால் சரி என்றும் சொல்லாதீர்கள், தப்பு என்றும் சொல்லாதீர்கள். "எதைப் பார்த்து?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை திரும்பவும் படத்துக்குள் போய்த்தான் பதில் எடுத்து வர வேண்டும்.

எந்தப் படத்தை வைத்துத் தொடங்குவது? என் முதல் பள்ளியில் மோனா லிசாவை வைத்துத் தொடங்கி, வகுப்பே தூங்கியது. அந்தப் பள்ளியில் ஓவிய நேரம் பாதி நாள் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும் என்பது வேறு கதை. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்த காலம் அது. கேட்கவும் முடியாது, விடவும் மனசு வராது. அடுத்த பள்ளிக்குப் போனதும் பிள்ளைகளிடம், வீட்டில் இருக்கும் பழைய காலண்டரைக் கொண்டுவாருங்கள் என்றேன். இருபதுக்கும் மேல் வந்தன. முருகன், லட்சுமி, பிள்ளையார், ஒரு மாதா படம். கரும்பலகை முழுக்க மாட்டினோம்.

"யாரும் சாமி பேரைச் சொல்லக்கூடாது. என்ன தெரியுதோ அதை மட்டும் சொல்லுங்க" என்று ஒரே ஒரு விதி வைத்தேன். பெயர் தெரிந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடும். "ஒரு பையன் நிக்கிறான்." "கையில குச்சி மாதிரி ஒண்ணு." "மயிலோட ஒரு கண்ணுதான் தெரியுது." "பின்னால மலை, ஆனா மலை ஊதா." மலை ஏன் ஊதாவாக இருக்கிறது என்று கேட்டு, எல்லாரையும் சன்னல் பக்கம் கூட்டிப்போனேன். அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. தீவில் இருக்கும் பினாங்கு மலை எங்கள் பள்ளியிலிருந்து தெரியும். நீலமும் ஊதாவும் கலந்து நின்றது. அது பச்சை மலை என்று எல்லாருக்கும் தெரியும், ஏறியும் இருக்கிறார்கள். தூரம் நிறத்தை மாற்றும் என்று நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. அன்றைக்கு வரைந்த மலைகளில் பாதிக்கு மேல் பச்சை இல்லை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், பாடத்தில் பின்தங்கியவன், வரையவும் அவ்வளவாக வராதவன், எழுந்து சொன்னான்: "சார், இவருக்கு நிழல் இல்லை." பார்த்தேன். முருகனின் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மங்கல். வேலில் பளபளப்பு. ஆனால் காலடியில் நிழல் இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் அத்தனை ஆண்டுகள் தொங்கிய அதே படம். எனக்குத் தெரியவில்லை, அவனுக்குத் தெரிந்தது. "சாமிக்கு நிழல் விழாதா சார்?" "தரையில நிக்கலையோ?" என்று வகுப்பு கிளம்பிவிட்டது. மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் தேடிப் படித்தேன். ரவி வர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தில் தெய்வங்களை மனிதர்போல உடம்பும் ஒளியும் கொடுத்து வரைந்து, 1894இல் பம்பாய்ப் பக்கம் அச்சகமும் தொடங்கியதால்தான் அந்தப் படங்கள் சாதாரண வீடுகளுக்கு வந்தன. நம் மளிகைக்கடைக் காலண்டர்களின் நேரடித் தாத்தா கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் குழுவுக்குத் திரை வரைந்தவர். இதைப் படித்ததும் அந்த ஊதா மலை எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அது நாடகத் திரையின் மலை! முன்னால் நடிகர் நிற்பார், பின்னால் திரை தொங்கும். தெய்வத்தின் காலுக்கும் மலைக்கும் நடுவில் நிழல் விழத் தரையே இல்லாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று வகுப்பில் சொன்னேன். என் ஊகம் என்று சொல்லித்தான் சொன்னேன். பிள்ளைகள் ஏற்கவும் செய்தார்கள், மறுக்கவும் செய்தார்கள்.

இரண்டாவது, கையால் செய்துவிட்டுப் பார்க்கிற பாடம். வெள்ளை மெழுகுவர்த்தியால் வெள்ளைத் தாளில் வரையச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாது. மேலே நீர்வண்ணத்தைப் பூசினால் மெழுகு பட்ட இடம் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். ஆண்டு 4 பிள்ளைகள் கத்துவார்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த வாரமே அவர்களுக்குச் சுவா தியன் தெங்கின் பாத்திக் ஓவியத்தைக் காட்டினேன். சீனாவிலிருந்து வந்து பினாங்கில் குடியேறியவர், சேலைக்கும் சாரோங்குக்கும் இருந்த மெழுகு முறையை 1950களில் ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர். 2008இல் காலமானார். அவருடைய ஓவியம் ஒன்று 1968இல் யூனிசெஃப் வாழ்த்து அட்டையாக உலகம் முழுக்கப் போனது.

பாத்திக்கில் வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூட வேண்டும். அப்புறம் வெளிர் நிறம், அதில் காக்க வேண்டியதை மூடி அடுத்த நிறம், இப்படியே கடைசியில் கருமை. கடைசியாகக் கொதிநீரில் மெழுகை எடுத்த பிறகுதான் முழுப்படமும் தெரியும். நடுவில் மெழுகு விரிசல் விட்டால் சாயம் உள்ளே புகுந்து நரம்பு மாதிரி கோடு விழும். தாயும் பிள்ளையும் இருக்கும் ஒரு படத்தில் அந்த மெல்லிய நரம்புகளை ஒரு பெண் பிள்ளை விரலால் காட்டி, "இங்க மெழுகு உடைஞ்சிருக்கு சார்" என்றாள். முந்தின நாள் மெழுகைப் பிடித்த கை அல்லவா? அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பஸ் காசு கொடுத்து, பத்து ஃபெரிங்கியில் இருக்கும் யாஹோங் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். அசல் துணியின் முன்னால் நின்றபோது அந்தப் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசவில்லை. 40 பிள்ளைகள், ஒரு நிமிடம்!

சுவரோவியம் பற்றிச் சுருக்கமாக. ஜார்ஜ்டவுனில் லெபோ ஆர்மேனியன் என்ற தெருவில், சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள், 2012இல் லித்துவேனியா ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்தது. எல்லாரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் போனபோது முதல் பத்து நிமிடம் கைப்பேசி எடுக்கக்கூடாது என்றேன். சைக்கிள் நிஜம், பிள்ளைகள் சாயம், இரண்டும் சேரும் இடம் எங்கே என்று தேடச் சொன்னேன். அப்படியே லெபோ குவீன் மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்தோம். 1833இல் எழுந்த கோயில், பிறந்ததிலிருந்து வந்து போகிற இடம். கோபுரத்தில் எத்தனை உருவங்கள் என்று எண்ணச் சொன்னேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வந்தது. மூன்று தடவை அண்ணாந்து எண்ணினார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

டீச்சர், நீங்கள் கணிதம் படித்தவர் என்பதை ஒரு குறையாக எழுதியது போலத் தெரிந்தது. என் சித்தப்பா வாழ்நாள் முழுக்க எண்களைத்தான் வரைந்தார்.

தித்திவாங்சா வாசி:

ஐயா எழுதியதைப் படித்து நெகிழ்ந்துபோனேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சாமி படம், பாத்திக், கோபுரம் எல்லாமே பார்க்க இனிமையானவை. இனிமையாக இல்லாததையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

செந்தூல் டீச்சருக்கு ஒரு செய்தி. உங்கள் பள்ளியிலிருந்து பாலாய் செனி நெகாரா, தேசிய ஓவியக்கூடம், ரொம்பப் பக்கம். 1958இல் தொடங்கியது, 1998இலிருந்து ஜாலான் தெமர்லோவில், தித்திவாங்சா ஏரிக்கு அருகில் இருக்கிறது. போகும்முன் எந்தக் கண்காட்சி நடக்கிறது என்று அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா ஓவியங்களையும் எப்போதும் மாட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

நிர்மலா தத் சண்முகலிங்கம் என்ற பெயரை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1941இல் பினாங்கில் பிறந்தவர், 2016இல் காலமானார். 1973இல் தேசிய ஓவியக்கூடத்தின் போட்டி ஒன்றுக்கு அவர் வைத்தது தூரிகையால் வரைந்த படம் இல்லை. டாமான்சாரா பகுதியில் கிடந்த குப்பை, அந்தக் குப்பையின் புகைப்படங்கள். அதற்குப் பரிசு கிடைத்தது. என் மகள் படிவம் 3 படிக்கும்போது இதைப் பற்றி அவளிடம் சொன்னேன். "குப்பையைக் கொண்டுபோய் வெச்சா ஓவியமா?" என்று கோபப்பட்டாள். இரண்டு நாள் கழித்து எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே குப்பைத் தொட்டி நிரம்பி வழிவதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

அதேபோல சையட் தாஜுடீன். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவர் வரைந்த பெண்களின் கண்ணையும் கையையும் பார்த்தால் அஜந்தா சுவர்கள் நினைவுக்கு வரும். ஒரு மலேசிய முஸ்லிம் ஓவியர் 1970களில் இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் வரைந்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐயாவின் காலண்டருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசலாம்.

கிள்ளான் அப்பா:

ஒரு கேள்வி ஐயா. மகளைப் பற்றி எழுதினேன், மகனைப் பற்றி எழுதவில்லை. அவன் வரையவே மாட்டான். பென்சிலைத் தொடமாட்டான். ஆனால் படப் புத்தகத்தை மணிக்கணக்கில் பார்ப்பான். ஓவியத்தில் அவனுக்கு எப்போதும் குறைந்த தேர்ச்சி நிலைதான் போடுகிறார்கள். பார்க்க மட்டும் தெரிந்தால் அது கணக்கில் வருமா?

லோரி எழுத்து:

தித்திவாங்சா அம்மா, நீங்கள் சொல்வது சரி. இனிமையானதோடு நான் நின்றுவிட்டேன். என் காலத்துப் பள்ளிகளில் குப்பையை வகுப்புக்குள் கொண்டுவர எனக்குத் துணிச்சல் வரவில்லை, வந்திருக்க வேண்டும். உங்கள் மகள் அனுப்பிய அந்தப் படத்தைப் பற்றி நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் தம்பி, கட்டாயம் வரும். பாடத்திட்டத்திலேயே ரசனை தனிப் பகுதியாக இருக்கிறது. வாயால் சொல்வதும் வேலைதான். நிழல் இல்லை என்று சொன்னானே, அந்தப் பையனுக்கு நான் அந்தத் தவணையில் வகுப்பிலேயே அதிக நிலை போட்டேன். அவன் தாளில் இருந்தது ஒரு வட்டமும் இரண்டு கோடும். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். அவன் சொன்ன வாக்கியத்தை அப்படியே என் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார். உங்கள் மகன் படப் புத்தகம் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நடக்குது?" என்று கேட்டு, அவன் சொல்வதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு, ஆசிரியரிடம் காட்டுங்கள். திருத்தாமல் எழுதுங்கள். அவன் பேச்சிலேயே இருக்கட்டும்.

செந்தூல் டீச்சர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். ஐயா சொன்னபடி காலண்டர் கொண்டுவரச் சொன்னேன். இந்தக் காலத்தில் 11 பேர் வீட்டில்தான் இருந்தது. பெயர் சொல்லக்கூடாது என்ற விதி பிரமாதமாக வேலை செய்தது. லட்சுமி படத்தில் கையிலிருந்து விழும் காசுகளை எண்ணி, "காசு விழுது, ஆனா கீழ குவியவே இல்லை" என்று ஒரு பெண் சொன்னாள். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஒரு பையன் மட்டும் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். வெளியே எடுக்கச் சொன்னேன். குதிரைக் காலண்டர். சீனர் கடைகளில் தொங்குமே, பெரிய பெரிய எண்களோடு, பந்தய நாளில் குட்டிக் குதிரை போட்டு, அதுதான். "எங்க வீட்ல இதுதான் இருக்கு டீச்சர், இதுல படம் இல்லை" என்று தலையைக் குனிந்துகொண்டான். மற்ற பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு நொடி என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் உங்கள் சித்தப்பா நினைவுக்கு வந்தார்.

காலண்டரை வாங்கிப் பலகையின் நடுவில், லட்சுமிக்கும் பிள்ளையாருக்கும் இடையில் மாட்டினேன். 8, 18, 28 மூன்றையும் நன்றாகப் பார்க்கச் சொன்னேன். 8க்குள் இருக்கும் இரண்டு சும்மா இடங்களும் ஒரே அளவா என்று கேட்டேன். ஒரே அளவு என்று எல்லாரும் சொன்னார்கள். காலண்டரைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன்.

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. கொண்டுவந்த பையன்தான் முதலில் எழுந்தான்.

"டீச்சர், 8 விழப்போகுது."